விலைபோன ஓவியர்கள், விலைபோகாத சந்தை: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரசியல் கேலிச்சித்திரங்கள்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் பிக்காடிலி, பாண்ட் தெரு, செயிண்ட் ஜேம்ஸ் தெரு ஆகியவற்றில் இருந்த படக்கடைகளின் சன்னல்களில் நாட்டின் ஆட்சியாளர்கள் அனைவரும் தொங்கினார்கள். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் கஞ்சனாக இருந்தார். பட்டத்து இளவரசர் உண்டு கொழுத்துச் சாய்ந்து கிடந்தார். பிரதமர் வில்லியம் பிட் தேசத்தின் தங்கத்தில் கை வைத்துக்கொண்டிருந்தார். இப்படங்களில் பெரும்பாலானவற்றின் அடியில் வெளியிட்டவரின் பெயர், கடை முகவரி, தேதி மூன்றும் அச்சாகியிருந்தன. ஒளித்து விற்க வேண்டிய தேவை இருக்கவில்லை. புரட்சிக்கு முந்தைய பாரிஸில் அரச குடும்பத்தைப் பழித்துத் துண்டுநூலோ படமோ அச்சிட்டவர்கள் பாஸ்டீல் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

1770க்கும் 1830க்கும் இடையில் லண்டனில் சுமார் 20,000 கேலிச்சித்திரங்களும் நகைச்சுவைப் படங்களும் வெளிவந்தன என்பது வரலாற்றாசிரியர் விக் கேட்ரெலின் மதிப்பீடு. பிரிட்டிஷ் மியூசியம் இத்தகைய படங்களுக்காகத் தயாரித்த பட்டியலில் 17,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. இவ்வளவு பெரிய பரிகாச வெள்ளத்தை ஓர் அரசு எப்படிச் சகித்துக்கொண்டது? ஆங்கிலேயரின் சுதந்திர வேட்கை, ஓவியர்களின் நெஞ்சுரம் என்று பதில் சொல்வது வழக்கம். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. முன்னணி ஓவியர்களில் இருவர் அரசிடம் பதவியோ பணமோ பெற்றவர்கள். வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் ஆளும் வர்க்கத்தினர். கேலிச்சித்திரத்தைக் காப்பாற்றியவை, முன் அனுமதி கேட்காத சட்டமும் ஒரே கையில் அடங்காத சந்தையும்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் விட்ட வழி

அச்சுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1695இல் காலாவதியானது. நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. அதன்பின் அரசின் கையில் இருந்த முக்கிய ஆயுதம், வெளியான பிறகு தொடுக்கும் ராஜதுரோக அவதூறு வழக்கு. எழுத்துக்கு எதிராக அது பலமுறை பாய்ந்தது. ஜான் வில்க்ஸ் தமது ‘நார்த் பிரிட்டன்’ இதழின் 45ஆம் எண்ணுக்காக 1763இல் கைதானார். படத்துக்கு எதிராக வழக்கு நடத்துவதுதான் கடினமாக இருந்தது.

ஏன் கடினம் என்பதை 1740இல் வெளியான ஒரு படத்தை வைத்துப் பார்க்கலாம். இளைய ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குக் கலைஞர் வெளியிட்டதாகக் கருதப்படும் அப்படத்தில், செயிண்ட் ஜேம்ஸ் அரண்மனை வாயிலை அடைத்தபடி ராட்சத உருவம் ஒன்று முதுகு காட்டி நிற்கிறது. உடை தூக்கப்பட்டிருக்கிறது. பதவி வேண்டி வருபவர் அந்த வெற்றுப் பின்புறத்தை முத்தமிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முகம் எங்கும் இல்லை. ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராபர்ட் வால்போல்தான் அது என்று லண்டனில் எல்லோருக்கும் தெரியும். வழக்குத் தொடுத்தால் அந்தப் பின்புறம் முதலமைச்சருடையது என்று அரசு வழக்கறிஞரே நீதிமன்றத்தில் எழுந்து நிரூபிக்க வேண்டும். அவமானம் இரட்டிப்பாகும், படத்தின் விற்பனையும் இரட்டிப்பாகும்.

இதே வால்போல் நாடகத்தை மட்டும் அடக்கிவிட்டார். 1737இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி எந்தப் புதிய நாடகமும் அரண்மனை அதிகாரியின் அனுமதியின்றி மேடையேறக் கூடாது. அரசியல் நாடகம் அத்துடன் ஒடுங்கியது. ஒரே நகரம், ஒரே மக்கள், ஒரே அமைச்சர். மேடைக்கு முன் அனுமதி கட்டாயமானது, செப்புத் தகட்டுக்கு ஆகவில்லை. இரண்டின் தலைவிதியும் அங்கேதான் பிரிந்தது. சுதந்திர வேட்கை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே பிழைத்திருக்கும்.

சட்டம் இன்னொரு வகையிலும் துணை நின்றது. வில்லியம் ஹோகார்த் 1732இல் வெளியிட்ட ‘ஒரு விலைமகளின் பயணம்’ என்ற படத்தொடரைத் திருட்டுப் பதிப்பாளர்கள் நகலெடுத்து விற்றார்கள். அவரும் சக கலைஞர்களும் நாடாளுமன்றத்தில் முறையிட்டதன் விளைவாக 1735இல் செதுக்குக் கலைஞர் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. பாதுகாப்பு 14 ஆண்டுகள். உரிமையாளர் பெயரும் வெளியான தேதியும் தகட்டிலேயே பொறிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. படம் வரைவதை முதலீட்டுக்கு உகந்த தொழிலாக்கியது இச்சட்டம். எந்த நாடாளுமன்ற விவாதத்துக்கு எத்தனை நாள் முன்போ பின்போ ஒரு படம் வந்தது என்று இன்று நாம் துல்லியமாகச் சொல்ல முடிவதும் அந்த நிபந்தனையால்தான்.

தகடு, விலை, வாங்கியவர்

கேலிச்சித்திரம் பெரும்பாலும் தனித் தாளாக விற்கப்பட்டது. மெழுகும் பிசினும் கலந்த பூச்சைச் செப்புத் தகட்டின்மேல் தடவி, ஊசியால் கீறிப் படம் வரைவார்கள். நைட்ரிக் அமிலம் ஊற்றினால் கீறிய இடங்களில் மட்டும் செம்பு அரிபடும். பூச்சைத் துடைத்துவிட்டு, பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாள் வைத்து உருளை அச்சில் அழுத்துவார்கள். தாளில் படம் இடவலம் மாறி விழும் என்பதால் எழுத்துகளைத் தகட்டில் இடவலம் மாற்றி எழுத வேண்டும். உளி கொண்டு செதுக்கும் பழைய முறைக்கு வாரக்கணக்கில் ஆகும். அமில முறையிலோ ஒரு செய்தி ஊருக்குள் பரவிய சில நாட்களில் படம் கடைக்கு வந்துவிடும். வண்ணம் கையால் தீட்டப்பட்டது. அந்த வேலையில் பெண்கள் பலர் இருந்தார்கள்.

கறுப்பு வெள்ளைப் படம் ஆறு பென்ஸ் அளவிலும், வண்ணப் படம் ஒரு ஷில்லிங் முதல் இரண்டு ஷில்லிங் வரையிலும் விற்றது. பெரிய படங்களின் விலை இன்னும் அதிகம். லண்டன் கூலித் தொழிலாளியின் வார வருமானம் பத்து ஷில்லிங்கை ஒட்டியே இருந்த காலத்தில், வண்ணப் படம் அவருக்கு எட்டாத பொருள். பிரபுக்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், வழக்கறிஞர்கள், வசதியான வணிகர்கள் ஆகியோரே வாங்கினார்கள். பட்டத்து இளவரசரே தம்மைக் கேலி செய்யும் படங்களையும் சேர்த்து வாங்கிக் குவித்தார். விண்ட்சர் அரண்மனை நூலகத்தில் சேர்ந்திருந்த ஆயிரக்கணக்கான படங்களை 1921இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் விலைக்கு வாங்கியது. பிக்காடிலியில் கடை வைத்திருந்த எஸ். டபிள்யூ. ஃபோர்ஸ், மாலை விருந்துகளுக்காகப் படத் தொகுதிகளை வாடகைக்கு விட்டார். ஒரு ஷில்லிங் கட்டணத்தில் கண்காட்சியும் நடத்தினார்.

வாங்க முடியாதவர்களுக்குச் சன்னல் இருந்தது. ஜேம்ஸ் கில்ரேயின் 1808ஆம் ஆண்டுப் படம் ஒன்று அதைக் காட்டுகிறது. செயிண்ட் ஜேம்ஸ் தெரு 27ஆம் எண்ணில் இருந்த ஹன்னா ஹம்ஃப்ரியின் கடை. சன்னல் கண்ணாடிச் சதுரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு படம். வெவ்வேறு தரத்து மனிதர்கள் அவற்றில் மூழ்கி நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், பனி உறைந்த நடைபாதையில் ஒரு கனவான் வழுக்கி விழுந்து கிடக்கிறார். திரும்பிப் பார்க்க ஆளில்லை. சன்னலின் முன் கூடியவர்கள் எத்தனை பேர், நுட்பமான இலக்கியக் குறிப்புகளும் நாடாளுமன்றச் செய்திகளும் நிறைந்த படங்களை அவர்கள் எந்த அளவு புரிந்துகொண்டார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஏழை எளியவரின் குரலாக இப்படங்களைக் கொண்டாடுவதற்கு விலைப்பட்டியல் இடம் தராது என்பது மட்டும் உறுதி.

தொடக்கத்திலிருந்தே இது மேல்தட்டினரின் உட்பகையில் வளர்ந்த கலை. 1750களில் அரசியல்வாதிகளின் முகங்களைக் கோணலாக வரைந்து சுற்றுக்கு விட்டவர் ஜார்ஜ் டவுன்ஷெண்ட் என்ற பிரபு குடும்பத்து ராணுவ அதிகாரி. அவர் வரைந்தவற்றைச் சிறு அட்டைகளாக அச்சிட்டு விற்றவர்கள் மேத்யூ, மேரி டார்லி தம்பதியர். 1760களின் தொடக்கத்தில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த முதலமைச்சர் பியூட் பிரபுவுக்கு எதிராக நூற்றுக்கணக்கான படங்கள் வந்தன. அவர் பெயரின் ஒலியை வைத்து நீண்ட காலணியையும், இளம் மன்னரின் தாயோடு அவருக்குத் தொடர்பு என்ற வதந்தியை வைத்துப் பெண்ணின் உள்பாவாடையையும் வரைந்தார்கள். அந்த இரண்டு பொருள்களைப் பார்த்தாலே போதும், எழுத்தறியாதவருக்கும் பொருள் விளங்கிவிடும்.

கார்லோ கானின் யானை

ஒரு படம் அரசியலைத் தொட்டதற்குத் தெளிவான சான்று 1783இல் கிடைக்கிறது. அது நம் மண்ணோடும் தொடர்புடையது. சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸும் அவரது பழைய எதிரி நார்த் பிரபுவும் கூட்டணி ஆட்சி அமைத்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தை ஏழு ஆணையர்களிடம் ஒப்படைக்கும் மசோதாவை ஃபாக்ஸ் கொண்டுவந்தார். ஏழு பேரும் கூட்டணியைச் சார்ந்தவர்கள். இந்தியாவின் செல்வத்தையும் பதவிகளையும் கைப்பற்றி ஃபாக்ஸ் தம்மை அசைக்க முடியாதவராக்கிக்கொள்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

மசோதா மக்கள் சபையில் இருந்தபோது, டிசம்பர் 5ஆம் தேதி ஜேம்ஸ் சேயர்ஸின் படம் வந்தது. தலைப்பாகையும் கீழை நாட்டு உடையும் அணிந்த ஃபாக்ஸ் யானைமேல் அமர்ந்திருக்கிறார். யானைக்கு நார்த்தின் கொழுத்த முகம். முன்னால் ஃபாக்ஸின் கூட்டாளி எட்மண்ட் பர்க் எக்காளம் ஊதிச் செல்கிறார். எக்காளத்தில் வங்காளத்தின் வரைபடம் தொங்குகிறது. ஊர்வலம் போய்ச் சேரும் இடம் லெடன்ஹால் தெருவிலுள்ள கம்பெனித் தலைமையகம். ஃபாக்ஸ் ஏந்திய கொடியில் ‘மக்களின் மனிதர்’ என்ற அவரது பட்டப்பெயர் அடிக்கப்பட்டு, ‘மன்னாதி மன்னன்’ என்று கிரேக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. படத்தின் பெயர் ‘கார்லோ கானின் வெற்றி உலா’.

மசோதா மக்கள் சபையில் நிறைவேறியது. ஆதரித்து வாக்களிப்பவர் தம் பகைவர் என்று மன்னர் பிரபுக்களுக்குச் சொல்லியனுப்ப, டிசம்பர் 17ஆம் தேதி பிரபுக்கள் சபையில் அது தோற்றது. மறுநாள் இரவே ஆட்சி நீக்கப்பட்டது. 24 வயது பிட் பிரதமரானார். ஆட்சியைக் கவிழ்த்தது மன்னரின் தலையீடு, படம் அல்ல. ஆனால் ஃபாக்ஸ் என்றால் கார்லோ கான் என்ற உருவம் பொதுமனத்தில் பதிந்துவிட்டது. நாடாளுமன்ற விவாதங்களும் பத்திரிகைகளும் செய்ததைவிட அதிகக் கேட்டைச் சேயர்ஸின் படங்கள் தமக்குச் செய்தன என்று ஃபாக்ஸ் சொன்னதாக அக்காலத்தவர் பதிவு செய்திருக்கிறார்கள். பிட் ஆட்சியில் சேயர்ஸுக்கு நீதிமன்றம் ஒன்றில் அரசுப் பதவி கிடைத்தது.

தமிழ் வாசகர்கள் இங்கே நிதானித்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த மசோதாவுக்குப் பின்னணியில் இருந்தது வங்காளம் மட்டும் அல்ல. சென்னைக் கம்பெனி ஊழியர்கள் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கொடும் வட்டிக்குக் கடன் கொடுத்து, கர்நாடகப் பகுதியின் நிலவரி வருவாயை அடமானமாகப் பிடித்து வைத்திருந்தார்கள். 1773இல் கம்பெனிப் படை நவாபுக்காகத் தஞ்சாவூரைக் கைப்பற்றியது. டிசம்பர் 1ஆம் தேதி மசோதாவை ஆதரித்துப் பேசிய பர்க் இந்தக் கொடுமைகளை விரிவாக எடுத்துவைத்தார். நான்கு நாள் கழித்து வந்த படத்தில் அவற்றின் சாயல்கூட இல்லை. இந்தியா அங்கே யானை, தலைப்பாகை, வரைபடம் என்ற மூன்று அலங்காரங்களாகச் சுருங்கிவிட்டது. புதிய ஆட்சி நவாபின் கடன்களை விசாரணையின்றி ஏற்று, கர்நாடகத்தின் வருவாயிலிருந்து அடைக்க உத்தரவிட்டது. 1785 பிப்ரவரி 28ஆம் தேதி பர்க் அதைக் கண்டித்து நீண்ட உரை நிகழ்த்தினார், தீர்மானம் தோற்றது. லண்டன் அதிகாரச் சண்டையைக் கூர்மையாகக் காட்டிய அதே படம், அந்தச் சண்டையில் உண்மையில் யார் இழந்தார்கள் என்பதை மறைத்தது. கேலிச்சித்திரத்தின் வலிமையும் குறையும் இங்கே ஒன்றாகத் தெரிகின்றன.

கில்ரே: கையும் கூலியும்

இக்கலையின் உச்சம் ஜேம்ஸ் கில்ரே. 1756இல் செல்சியில் பிறந்தவர். தந்தை போரில் கையை இழந்த சிப்பாய். ராயல் அகாடமிப் பள்ளியில் பயின்ற பிறகு ஹன்னா ஹம்ஃப்ரியின் கடைக்கு மாடியில் குடியிருந்து, பெரும்பாலும் அவருக்காகவே வரைந்தார்.

1792 ஜூலையில் அவர் வெளியிட்ட இரட்டைப் படங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது பட்டத்து இளவரசர். நாற்காலியில் சரிந்து முள்கரண்டியால் பல் குத்துகிறார். பருத்த வயிற்றின் மேல் உட்சட்டை பிய்ந்துவிடும் நிலையில் இருக்கிறது. நாற்காலிக்கு அடியில் காலிப் புட்டிகள். பின்னால் நிரம்பி வழியும் சிறுநீர்ச் சட்டி. அதன் கீழே கட்டப்படாத பில்கள். அலமாரியில் பால்வினை நோய்க்கான மருந்து. சன்னலுக்கு வெளியே பொதுப் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்த அவரது கார்ல்டன் மாளிகை. இரண்டாவது படத்தில் அவருடைய தந்தை, மன்னர். வேகவைத்த முட்டையைச் சுரண்டித் தின்கிறார். காற்சட்டையில் ஒட்டு. நாற்காலி தேயாதிருக்க உறை போட்டிருக்கிறது. அரசி வாய்கொள்ளாமல் பச்சிலைக் கீரையைத் திணிக்கிறார். கணப்பில் நெருப்புக்குப் பதில் பூச்சாடி. மகனின் ஊதாரித்தனமும் தந்தையின் கருமித்தனமும் ஒன்றையொன்று விளக்குகின்றன. நாட்டின் செலவில் வாழும் குடும்பம் ஒன்றின் வரவு செலவுக் கணக்கை நாற்காலியையும் தட்டையும் வைத்தே சொல்லிவிடுகிறார் கில்ரே.

அவருக்கு எந்தப் பக்கமும் விலக்கில்லை. 1791 மே மாதத்தில் தளபதி கார்ன்வாலிஸ் சீரங்கப்பட்டினத்திலிருந்து பின்வாங்கியதை வைத்து, ஆங்கிலப் படை போரில் இருந்த நேரத்திலேயே, கழுதைமேல் ஓடும் கார்ன்வாலிஸையும் கோட்டை மதில்மேல் நின்று சிறுநீர் மழை பொழியும் திப்பு சுல்தானையும் வரைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பிட்டை மகுடத்தில் முளைத்த நாய்க்குடையாகக் காட்டினார். 1797 பிப்ரவரியில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டுகளுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது. வயிறு நிறையத் தங்கமும் வாய் நிறையக் காகித நோட்டுமாகப் பிட் மார்ச்சில் ஒரு படத்தில் வந்தார். மே 22ஆம் தேதிப் படத்தில், நோட்டுகளால் தைத்த உடையணிந்து பூட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியை அணைத்தபடி அவள் பைக்குள் கை விடுகிறார் பிட். ‘த்ரெட்நீடில் தெருவின் மூதாட்டி’ என்று அந்த வங்கி இன்றும் அழைக்கப்படுவது இப்படத்தின் செல்வாக்கால்.

அதே ஆண்டின் இறுதியில் கில்ரேக்குப் பிட் அரசின் மறைமுக ஓய்வூதியம் கிடைத்தது: ஆண்டுக்கு 200 பவுண்டு. ஏற்பாடு செய்தவர் பிட்டின் ஆதரவாளரான அரசியல்வாதி ஜார்ஜ் கேனிங். கேனிங்கின் ‘ஆன்டி ஜாக்கபின்’ இதழுக்காகவும் புரட்சி ஆதரவாளர்களைத் தாக்கும் படங்கள் கில்ரேயிடமிருந்து வந்தன. இளவரசருக்குப் பிறந்த மகளை வைத்து வரைந்த படத்துக்காக 1796 ஜனவரியில் தெய்வநிந்தைக் குற்றச்சாட்டில் கைதாகி, வழக்கு நடக்காமல் விடுபட்டவர் அவர். மிரட்டலும் கூலியும் சேர்ந்து அவரை வளைத்தன. அவருடைய மேதைமையை இது குறைக்காது. ஆனால் அவரைச் சுதந்திரத்தின் தனித்த காவலராக நிறுத்துவதற்கு இனி இடமில்லை.

வாங்க முடியாதது

கில்ரே விலைபோன பிறகும் சன்னல்கள் காலியாகவில்லை. அரசுக்கு எதிரான சாய்வுடைய வில்லியம் ஹாலண்டின் கடை ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் இருந்தது. 1793இல் அவர் ஓராண்டு நியூகேட் சிறைக்குப் போனார். காரணம் அவர் விற்ற படம் அல்ல, தாமஸ் பெய்னின் நூல். எழுத்து தண்டிக்கப்பட்டது, படம் தப்பியது. அவருக்காக வரைந்த ரிச்சர்ட் நியூட்டன், 1798 மார்ச்சில் சாமானிய ஆங்கிலேயனின் குறியீடான ஜான் புல் மன்னரின் சுவரொட்டியை நோக்கிக் குசு விடும் படத்தை வெளியிட்டார். பிட் அலறுகிறார், ‘ராஜதுரோகம்’ என்று. பேச்சையும் கூட்டத்தையும் ஒடுக்கும் 1795ஆம் ஆண்டுச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலம் அது. அந்த ஆண்டு இறுதியில் நியூட்டன் 21 வயதில் இறந்தார்.

இளவரசர் நான்காம் ஜார்ஜாக அரியணை ஏறியதும் கூலி கொடுத்து வாய் மூடும் முயற்சி உச்சம் தொட்டது. மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைய மாட்டேன் என்று ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் 1820 ஜூனில் 100 பவுண்டு பெற்றுக் கையெழுத்திட்டார். அரசியை மன்னர் நடத்திய விதத்தைச் சாடும் வில்லியம் ஹோனின் பிரசுரத்துக்கு அதே ஆண்டிலேயே படம் வரைந்தவரும் அதே குரூக்‌ஷாங்க்தான். ஓர் ஓவியரை வாங்கலாம். தெருவுக்குத் தெரு கடை இருந்து, ஒரு கட்சி வெறுக்கும் படத்தை மறு கட்சி காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கும்போது, சந்தை முழுவதையும் வாங்க அரண்மனையிடமும் பணம் போதவில்லை.

இச்சந்தையை ஆராதிக்கவும் கூடாது. ஸ்காட்லாந்தியர், அயர்லாந்தியர், யூதர் மீதான வெறுப்பு அதில் தாராளமாக விற்றது. 1784 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் ஃபாக்ஸுக்காக வாக்குக் கேட்ட டெவன்ஷையர் சீமாட்டி ஜார்ஜியானா, வாக்குக்கு முத்தம் விற்பவராக ஓவியர் ரோலண்ட்சன் உள்ளிட்டோரால் மீண்டும் மீண்டும் வரையப்பட்டார். அரசியலில் இறங்கும் பெண்ணுக்குத் தரப்பட்ட தண்டனை அது. மறுபுறம், அடிமை வணிகத்தின் கொடுமையைக் கில்ரே 1791இலும் ஐசக் குரூக்‌ஷாங்க் 1792இலும் மக்கள் கண்முன் நிறுத்தினார்கள். வாங்குபவர் இருந்தால் சந்தை இரண்டையும் விற்கும்.

இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. கருத்துச் சுதந்திரத்தை வீரர்களின் கதையாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். வீரர்கள் சோர்வார்கள், மிரளுவார்கள், சிலர் விலைபோவார்கள். கில்ரே போன்ற மேதையும் அதற்கு விலக்கல்ல. வெளியிடும் முன் அனுமதி கேட்காத சட்டமும், ஒரே முதலாளியிடமோ ஒரே கட்சியிடமோ சிக்காத எண்ணற்ற வெளியீட்டு வாசல்களும் இருந்தால், ஒருவர் மௌனமானாலும் அடுத்தவர் பேசுவார். ஒரு நாட்டில் பரிகாசம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய விரும்புகிறவர், துணிந்த ஓவியர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு முன், அவர்களை வெளியிடும் இடங்கள் எத்தனை, அவை எத்தனை கைகளில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.